பதக்கம் வாங்கியவர் என்ன ஜாதி?

விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் கதையில் பிறப்பைப் பற்றிச் சொல்லலாமா? சொன்னால் எப்படிச் சொல்வது?

"உங்கள் பெயர் என்ன?"

"சொந்த ஊர் எது?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடித்ததும் மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்.

"நீங்க என்ன ஆளுங்க?"

தாம்பரத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. குரோம்பேட்டையில் பெண் பார்க்கப் போனாலும் வருகிறது. சிலர் நேராகவே கேட்டுவிடுவார்கள். சிலர், "சைவமா, அசைவமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள்.

வீட்டு வாசலில் கேட்ட இந்தக் கேள்வி இப்போது விளையாட்டு மைதானத்துக்கும் வந்துவிட்டது.

2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பிரேசில் நாட்டின் ரியோ நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. பேட்மிண்டன் ஆட்டத்தில் பி.வி.சிந்து வெள்ளிப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். நாடே கைதட்டியது.

கைதட்டிய கையோடு ஏராளமானோர் கூகுளில் ஒன்றைத் தேடினார்கள். அவர் எப்படிப் பயிற்சி செய்தார் என்றா தேடினார்கள்? இல்லை. "சிந்து என்ன ஜாதி?" என்று தேடினார்கள்! அவரைப் பற்றி அதிகமாகத் தேடப்பட்டவற்றில் அதுவும் ஒன்று என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது.

படித்தவர்கள் வெட்கப்பட்டார்கள். "இனி விளையாட்டு வீரர்களைப் பற்றி எழுதும்போது ஜாதி, மதம், இனம் எதையும் எழுதக்கூடாது. தங்கத்துக்கு ஏது ஜாதி?" என்றார்கள்.

கேட்பதற்கு நல்ல பேச்சுதான். ஆனால், அது முழு உண்மையா?

கண்ணகி நகர் கார்த்திகா

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையில் சேலையூர், மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணைக்குப் போக வேண்டும். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் துரைப்பாக்கம். அங்கேதான் இருக்கிறது கண்ணகி நகர்.

2000-ம் ஆண்டு வாக்கில் குடிசை மாற்று வாரியம் உருவாக்கிய குடியிருப்பு அது. கூவம் கரையிலும் நகரத்தின் மற்றப் பகுதிகளிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தி, இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள். 15 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள். எல்லாம் சின்னச் சின்ன வீடுகள். வேலை செய்த இடம் ஒரு பக்கம், குடியிருக்கும் இடம் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

அதோடு போகவில்லை. கண்ணகி நகர் என்ற பெயருக்கே ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. வேலைக்கு மனுப் போட்டால், முகவரியைப் பார்த்ததும் மனுவை ஒதுக்கிவைக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். சிலர் வேறு முகவரியைக் கொடுத்து வேலை தேடுகிறார்கள்.

2025 அக்டோபர் மாதம் பக்ரைன் நாட்டில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. பெண்கள் கபடி இறுதி ஆட்டத்தில் இந்தியா, ஈரானை 75-21 என்ற கணக்கில் தோற்கடித்துத் தங்கம் வென்றது. அந்த அணியின் துணைத் தலைவி கார்த்திகா. கண்ணகி நகர்ப் பெண்!

தமிழக அரசு அவருக்கு ரூ.25 லட்சம் பரிசு கொடுத்தது. பத்திரிகைகள் எல்லாம் "கண்ணகி நகர் கார்த்திகா" என்று கொட்டை எழுத்தில் போட்டன.

இப்போது யோசித்துப் பார்க்க வேண்டும். "தங்கத்துக்கு ஊர் ஏது? கண்ணகி நகர் என்ற பெயரை விட்டுவிடுங்கள். சென்னைப் பெண் என்று மட்டும் எழுதுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

எந்தப் பெயரை மனுவில் எழுதத் தயங்கினார்களோ, அந்தப் பெயர் தலைப்புச் செய்தியில் வந்தது. அங்கே இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அன்று நிமிர்ந்து நடந்திருக்கும். அந்தப் பெயரை வெட்டியிருந்தால், பாதி வெற்றியை வெட்டியதாக ஆகியிருக்கும்.

ஊர்ப் பெயர் வேறு, ஜாதிப் பெயர் வேறு என்று சிலர் சொல்லலாம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. சில ஊர்ப் பெயர்கள் ஜாதிப் பெயர் செய்யும் வேலையைச் செய்கின்றன. "காலனி" என்ற சொல் அப்படி ஆகிவிட்டது என்பதால்தான், அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக சட்டசபையில் அறிவித்தார்கள்.

மண் குவளை

பிறப்பைச் சொல்லாமல் விட்டால் கதையே விளங்காமல் போகும் என்பதற்குச் சென்னையிலேயே பழைய சான்று உண்டு.

சென்னை கிரிக்கெட்டின் தந்தை என்று புச்சிபாபு நாயுடுவைச் சொல்வார்கள். 1888-ல் அவர் மதராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். ஏன் ஆரம்பித்தார்? வெள்ளைக்காரர்களின் சங்கத்தில் இந்தியர்களுக்கு இடம் இல்லை. "வெள்ளையர்", "இந்தியர்" என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட்டால் அந்தச் சங்கம் பிறந்த காரணத்தைச் சொல்லவே முடியாது.

வெள்ளைக்காரன் இந்தியனை ஒதுக்கினான். இந்தியன் இந்தியனை ஒதுக்கவில்லையா? ஒதுக்கினான். அதற்குப் பம்பாய்ப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

பல்வங்கர் பாலு என்று ஒருவர். தார்வாரில் பிறந்தவர். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளத்தை உருட்டி, வலை கட்டிப் பராமரிக்கும் கூலி வேலை அவருக்கு. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்யும்போது பந்து வீசச் சொல்வார்கள். அப்படியே இடது கைச் சுழல் பந்தில் தேறிவிட்டார்.

அவருடைய திறமையைக் கேள்விப்பட்டு, பூனா இந்துக்கள் தங்கள் அணியில் அவரைச் சேர்த்தார்கள். வெற்றி வேண்டுமே! மைதானத்தில் எல்லாரும் ஒன்றாக ஆடினார்கள். தேநீர் வேளை வந்ததும் மற்றவர்கள் உள்ளே போய்ப் பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தார்கள். பாலுவுக்கு மட்டும் வெளியே தேநீர் கொடுத்தார்கள். குடித்ததும் தூக்கி எறிகிற மண் குவளையில்!

அவர் கை பட்ட பந்தைத் தொட்டார்கள். அவர் வாய் பட்ட குவளையைத் தொடமாட்டார்கள்.

1911-ல் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனது. அந்தப் பயணத்தில் பாலு 114 விக்கெட் எடுத்தார். இருந்தும் இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. 1923-ல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அந்தப் பதவி கிடைத்தது.

பாலுவின் கதையை ஜாதி பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் எழுதலாம். "சிறந்த பந்து வீச்சாளர், 114 விக்கெட் எடுத்தார், 1955-ல் காலமானார்" என்று எழுதலாம். அதைப் படிக்கும் பிள்ளை, "இவ்வளவு பெரிய ஆட்டக்காரரை ஏன் தலைவராக்கவில்லை?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? "அவருக்குத் தகுதி போதவில்லை போலிருக்கிறது" என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

ஜாதியை மறைத்தது பாலுவுக்குச் செய்த மரியாதை ஆகாது. மண் குவளை கொடுத்தவர்களுக்குச் செய்த உதவி ஆகும்.

கதவு யார் கையில்?

சிந்துவின் ஜாதியைத் தேடியது தவறு. பாலுவின் ஜாதியை மறைப்பதும் தவறு. இது எப்படி? ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு வேறு நியாயமா?

இல்லை. நியாயம் ஒன்றுதான்.

ஆட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு கதவு இருக்கிறது. பிறப்பைக் காரணம் காட்டி அந்தக் கதவை யாராவது மூடினார்களா? அல்லது பிறப்பைக் காரணம் காட்டித் திறந்துவிட்டார்களா? மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் சொல்ல வேண்டும். கதவை மூடியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறப்புக்கும் அந்தக் கதவுக்கும் சம்பந்தம் இல்லை என்றால், சொல்ல வேண்டியதே இல்லை.

சிந்துவின் கதையை எது விளக்குகிறது? அவருடைய தந்தை ரமணாவும் தாய் விஜயாவும் கைப்பந்து வீரர்கள். தந்தை 1986 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். அர்ஜுனா விருது பெற்றவர். விளையாட்டு என்றால் என்ன என்று தெரிந்த வீடு அது. கோபிசந்திடம் அவர் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றார். அந்த வீட்டையும் அந்தப் பயிற்சியையும் சொன்னால் கதை விளங்குகிறது. ஜாதியைச் சொன்னால் எதுவும் விளங்கவில்லை. அது வெறும் வம்பு.

செங்கற்பட்டுத் தீர்மானம்

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வலுவான மறுப்புதான்.

தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கேதான் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அந்த மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். நாளடைவில் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பட்டத்தை விட்டார்கள். தகப்பனார் பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நல்ல வழக்கம் இது.

"இவ்வளவு பாடுபட்டுக் கழற்றிப்போட்டதை மறுபடி எடுத்து மாட்டுவதா? வீரர்களின் கதையில் ஜாதி வந்தால், நாளைக்கு வகுப்பில் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் கேட்பார்களே?" என்று பெற்றோர்கள் அஞ்சுவது சரியே.

ஆனால், அந்தத் தீர்மானம் கழற்றச் சொன்னது எதை? பெருமைக்காக மாட்டிக்கொண்ட பட்டத்தை. பட்டம் இல்லாதவர்கள் பட்ட அடியை மறந்துவிடச் சொல்லவில்லை. பட்டத்தைக் கழற்றுவது ஒன்று. தழும்பை மறைப்பது வேறு ஒன்று.

பிள்ளைகள் ஜாதியைத் தெரிந்துகொள்வது வீரர்களின் கதையிலிருந்து அல்ல. வீட்டில், தெருவில், கல்யாணப் பேச்சில் ஏற்கனவே தெரிந்துகொண்டுவிடுகிறார்கள். அங்கே அதைப் பெருமையாகத் தெரிந்துகொள்கிறார்கள். பாலுவின் கதையில் அதை அநியாயமாகத் தெரிந்துகொள்வார்கள். எது நல்லது?

ரெயில் வந்தது, ஹாக்கி வந்தது

பிறப்பு கதவை மூடியதற்கு பாலு உதாரணம். திறந்துவிட்டதற்கும் உதாரணம் உண்டு. இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கேட்டாலே சொல்வார்கள்.

1931-ல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. ரெயில்வேயில் அந்த நாளில் ஆங்கிலோ இந்தியர்கள் அதிகம். டிரைவர், கார்டு போன்ற வேலைகளை வெள்ளைக்கார அரசாங்கம் அவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து ஒதுக்கியது. அவர்களுக்கு ரெயில்வே குடியிருப்பு, ரெயில்வே கிளப், விளையாட்டு மைதானம் எல்லாம் இருந்தன. அவர்கள் படித்த பள்ளிக்கூடங்களில் ஹாக்கி மட்டை பாடப் புத்தகம்போலப் பழகிய பொருள். தென்சென்னையின் புறநகரில் அந்தக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா ஹாக்கியில் முதல் தங்கம் வென்றது. அந்த அணியில் பலர் ஆங்கிலோ இந்தியர்கள். கோல் காத்த ரிச்சர்டு ஆலன் ஒரு கோல்கூட விடவில்லை. அணித் தலைவராகச் சென்றவர் ஜெய்பால் சிங் முண்டா. ராஞ்சிப் பக்கத்துப் பழங்குடியில் பிறந்தவர்.

லெஸ்லி கிளாடியஸ் 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம், 1960-ல் வெள்ளி. அவரும் ஆங்கிலோ இந்தியர். ஜபல்பூரில் பிறந்த பியர்ஸ் குடும்பத்துச் சகோதரர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனார்கள். ஐந்து பேரும் அந்த நாட்டுக்காக ஒலிம்பிக் ஹாக்கி ஆடினார்கள்!

ஒரு சின்ன சமூகத்திலிருந்து இத்தனை பேர் எப்படி வந்தார்கள்? "ரத்தத்திலேயே ஊறிய ஆட்டம்" என்று எழுதினால் அது பொய். ரத்தத்தில் ஹாக்கி ஊறாது. ரெயில்வே மைதானத்தில்தான் ஊறும். மைதானம் அவர்களுக்குத் திறந்திருந்தது. அதே ரெயில் பாதையில் கல் சுமந்த கூலியின் மகனுக்குத் திறந்திருக்கவில்லை. இப்படி எழுதினால் ஆங்கிலோ இந்தியருக்கும் குறைவில்லை. கூலியின் மகனுக்கும் குறைவில்லை. உண்மையும் விளங்கும்.

ஒரு சொல் போதுமா?

சிலர், இனத்தின் பெயரை ஒரு சொல்லாகப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதுவும் ஆபத்து.

முத்தையா முரளிதரன் 1972-ல் இலங்கையில் கண்டியில் பிறந்தார். 2010 ஜூலையில் காலி மைதானத்தில் தம்முடைய 800-வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். உலகில் வேறு யாரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

அவருடைய வாழ்க்கையைச் சினிமாவாக எடுக்கப்போவதாக 2020-ல் அறிவிப்பு வந்தது. நடிப்பதாக இருந்தவர் விஜய் சேதுபதி. தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. உள்நாட்டுப் போர் பற்றி முரளிதரன் பேசியதாகச் சொல்லப்பட்டவற்றை எடுத்துக்காட்டிப் பலர் கொதித்தார்கள். விஜய் சேதுபதி விலகிக்கொண்டார். "800" என்ற பெயரில் வேறு நடிகரோடு அந்தப் படம் 2023 அக்டோபரில் வெளிவந்தது.

"அவர் தமிழர்" என்று பெருமைப்பட்டவர்களும் உண்டு. "தமிழராக இருந்தும் இப்படியா?" என்று கோபப்பட்டவர்களும் உண்டு. இரண்டு பேரும் சொன்னது ஒரே சொல்தான்: தமிழர்.

அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ அடங்கியிருக்கிறது. அவர் மலையகத் தமிழர். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டிப் போனவர்களின் வழி வந்தவர். அந்த மக்களில் பெரும்பாலோருக்கு 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போயிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழரின் சரித்திரம் வேறு. மலையகத்தாரின் சரித்திரம் வேறு. சிங்களர் நிறைந்த அணியில் ஒரே தமிழராகப் பல ஆண்டுகள் ஆடியவரின் நிலைமை இன்னும் வேறு.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஒருவர் முரளிதரனைப் பாராட்டலாம், குறையும் சொல்லலாம். அது அவரவர் உரிமை. ஆனால், "தமிழர்" என்ற ஒரு சொல்லை மட்டும் போட்டுவிட்டுப் போனால், பாராட்டியவருக்கும் விளங்காது; திட்டியவருக்கும் விளங்காது. சொல்வதென்றால் முழுவதும் சொல்ல வேண்டும்.

ஜெயித்தால் ஒரு பெயர், தோற்றால் ஒரு பெயர்

பிறப்பை யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். எப்போது சொல்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம்.

வந்தனா கட்டாரியா, ஹாக்கி வீராங்கனை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்ஆப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் அப்படிச் செய்த முதல் இந்தியப் பெண் அவர். அன்று அவர் "இந்தியாவின் மகள்".

சில நாட்களில் அரை இறுதி ஆட்டத்தில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. அன்று அரித்துவார் அருகே உள்ள அவர் வீட்டின் முன்னால் சிலர் பட்டாசு வெடித்தார்கள். ஜாதியைச் சொல்லித் திட்டினார்கள். தாழ்த்தப்பட்டவர்களை அதிகம் சேர்த்ததால்தான் தோல்வி என்றார்கள். போலீசார் வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள்.

இது இந்தியாவில் மட்டுமா? ஜெர்மனி 2014-ல் கால்பந்து உலகக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் ஆடியவர் மெசூட் ஓசில். ஜெர்மனியிலேயே பிறந்தவர். துருக்கியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். 2018-ல் அவர் அணியை விட்டு விலகினார். ஜெயித்தால் தம்மை ஜெர்மானியன் என்கிறார்கள், தோற்றால் வந்தேறி என்கிறார்கள் என்று மனம் நொந்து எழுதினார்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் கேத்தி பிரீமன் தங்கம் வென்றார். ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்தவர். வெற்றி பெற்றதும் நாட்டுக் கொடியோடு பழங்குடிக் கொடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்.

வந்தனாவின் பிறப்பை மற்றவர்கள் கல்லாக எறிந்தார்கள். பிரீமன் தம் பிறப்பைத் தாமே கொடியாக ஏந்தினார். இரண்டும் ஒன்றா?

சாலையோரப் பேனர்

இன்னொரு கூட்டமும் உண்டு. ஒருவர் ஜெயித்த மறுநாள் சாலையோரத்தில் பேனர் முளைக்கும். "எங்கள் குலத்தின் சிங்கம்" என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சிங்கம் கிழிந்த காலணியோடு ஓடிக்கொண்டிருந்த நாளில் ஒரு ஜோடி புதுக் காலணி வாங்கிக் கொடுத்தார்களா? ஒரு வேளை முட்டையும் பாலும் கொடுத்தார்களா? கேட்டால் பதில் வராது.

இப்படிச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடக்கூடாது. எல்லாருடைய பெருமையும் ஒரே வகை அல்ல. காலமெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரின் பெருமை வேறு. திண்ணையில் ஏறவிடாமல் தடுக்கப்பட்டவரின் பெருமை வேறு. "நம்மைப் போன்ற ஒரு பெண் ஜெயித்துவிட்டாள்" என்று ஒரு தாய் தன் மகளுக்குச் சொன்னால் அது ஜாதிப் பெருமை அல்ல. அது மருந்து.

ஏழ்மையைப் பற்றி எழுதுவதிலும் இந்தக் கவனம் வேண்டும். "குடிசையில் பிறந்தார், கூழ் குடித்தார், கோப்பை வென்றார்" என்று எழுதுவது சுலபம். ஏழ்மை மழைபோல வானத்திலிருந்து விழுந்ததா? நகரத்தின் நடுவே வாழ்ந்த குடும்பத்தை நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பியது ஒரு முடிவு. மைதானம் இல்லாமல் வீடு மட்டும் கட்டியது என்றால் அதுவும் ஒரு முடிவு. முடிவு எடுத்தவர்களை விட்டுவிட்டுக் கூழை மட்டும் எழுதினால் அது பாதிக் கதை.

எழுதுகிறவர்களுக்கு

பள்ளிக்கூடங்களில் "எனக்குப் பிடித்த விளையாட்டு வீரர்" என்று பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். பத்திரிகைகளிலும் எழுதுகிறார்கள். சினிமாவும் எடுக்கிறார்கள். மணத்தி கணேசன் என்ற கபடி வீரரின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த "பைசன்" படம் 2025 அக்டோபரில் வந்தது. ஜாதிச் சண்டைகளுக்கு நடுவே ஓர் இளைஞன் ஆடுகளத்துக்குப் போய்ச் சேருவதைச் சொல்லும் கதை. அந்தச் சண்டைகளை எடுத்துவிட்டால் அங்கே கதையே மிஞ்சாது.

இப்படி எழுதுகிறவர்கள் பேனாவை எடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும்.

ஒன்று: இந்தப் பிறப்பு, ஆட்டத்தின் வழியில் ஏதாவது கதவை மூடியதா, திறந்ததா? இல்லை என்றால் எழுத வேண்டாம்.

இரண்டு: மூடியது என்றால், மூடியவர் யார்? அதைச் சொல்லாமல் ஒருவரின் ஜாதியை மட்டும் சொன்னால், குற்றம் அடிபட்டவர் தலையில் விழும்.

மூன்று: வீரர் தாமே அதைச் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் அவர் சொன்ன பெயரிலேயே சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை என்றால், பெயரையும் நிறத்தையும் பார்த்து ஊகிக்கக் கூடாது. பள்ளியில் படிக்கும் வயதுப் பிள்ளையிடம் போய் ஜாதியைக் கேட்கவே கூடாது.

நான்கு: தோற்ற நாளிலும் இதே சொல்லை இதே மரியாதையோடு எழுதுவோமா? தயக்கம் வந்தால், ஜெயித்த நாளிலும் எழுத வேண்டாம்.

இவை பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் ஆன கேள்விகள் அல்ல. வீட்டில் டெலிவிஷன் பார்த்துக்கொண்டே பேசும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இவை பொருந்தும். "இந்தப் பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்தப் பொண்ணு எப்படிக் கஷ்டப்பட்டு வந்தா?" என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு கதை வேண்டும்.

அடுத்து ஆட வருகிறவள்

கண்ணகி நகரிலும், அதற்குத் தெற்கே அதேபோல மக்களைக் குடியமர்த்திய பெரும்பாக்கத்திலும் இன்னும் எத்தனையோ பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நாளைக்குக் கபடிக் கோட்டைத் தாண்டி மூச்சுப் பிடித்து ஓடுவாள். இன்னொருத்தி ஆடமாட்டாள்; படித்துவிட்டு வேலைக்கு மனுப் போடுவாள்.

ஆடுகிறவளுக்குத் தன் ஊர்ப் பெயரைச் சொல்லும் தைரியம் தங்கப் பதக்கத்தால் வந்துவிடும். மனுப் போடுகிறவளுக்கு? அவளிடம் பதக்கம் இல்லை. முகவரி மட்டும்தான் இருக்கிறது.

வீரர்களின் கதைகளைச் சரியாக எழுத வேண்டும் என்பது அவளுக்காகத்தான். கார்த்திகாவின் கதையில், "இந்தப் பெயரைப் பார்த்துத்தான் இத்தனை காலம் மனுவை ஒதுக்கினார்கள்" என்ற வரியும் இருந்தால், அடுத்த முறை ஒதுக்கப்போகிற கை கொஞ்சமாவது தயங்கும். அந்த வரி இல்லாவிட்டால், கார்த்திகாவுக்குக் கைதட்டிய அதே கை அந்த மனுவை ஒதுக்கிவைக்கும்.